பாக்கலாங்க என்றால் என்ன அர்த்தம்

‘கேளுங்க’ செயலியின் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். இங்கே சம்பளம் கிடையாது, அலுவலகம் கிடையாது, யாருக்கும் யாரும் மேலதிகாரி கிடையாது. அப்படி இருந்தும் மாதம் தவறாமல் புதிய பதிப்பு எப்படி வெளிவருகிறது? இந்த மாதத்தோடு வெளியீட்டுப் பொறுப்பிலிருந்து நான் விலகுகிறேன் என்பதால், போகிற போக்கில் ஏதாவது சூட்சுமத்தைச் சொல்லிவிட்டுப் போவேன் என்று எதிர்பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. சூட்சுமம் எதுவும் இல்லை. நிரலை எங்கே போடுவது, எப்படிச் சோதிப்பது என்பதெல்லாம் நம் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். படிக்காமல் என்னிடம் வந்து கேட்டால் திட்டுவேன் என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான் சொல்ல நினைப்பது ஒரு சொல்லைப் பற்றி. அந்த ஒரு சொல்லால் நம் செயலி ஒரு கோடையோடு நின்றே போயிருக்கும். அதை நம்பியிருந்த ஒரு மனிதரின் பிழைப்பும் ஆட்டம் கண்டது.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஏற்காட்டில் தபால் அலுவலகத்தில் உட்கார்ந்து கடிதங்களைப் பிரித்தே காலத்தைக் கழித்தவள். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோதுதான் குணசேகரன் தேடி வந்தான். வாழவந்திப் பையன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவன், அப்பாவுக்கு நடமாட்டம் குறைந்துபோனதால் காப்பித் தோட்டத்தைப் பார்க்க ஊருக்கே திரும்பிவிட்டான். குணா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். “ஏனுங்கம்மா, நம்மூர்ச் சனங்க தமிழை இங்கிலீஷ் எழுத்துல எப்படியெப்படி எழுதுவாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்னு சொன்னாங்க” என்று வந்து நின்றான். தெரியாமல் என்ன? வாழவந்தி என்ற ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று ஒரு தபால்காரரைக் கேட்டுப் பாருங்கள், அரை நாள் சொல்லுவார்.

அவனுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்றால், ஆரோக்கியராஜுக்காக. ஆரோக்கியம் டவுனில் ஒரு லாட்ஜில் ரூம் புக்கிங் பார்த்துக்கொண்டிருந்தவர். பிறவியிலேயே கண் தெரியாது. வாட்ஸப்பில் வரும் செய்தியை ஃபோனே வாய்விட்டுப் படிக்கும், அதைக் கேட்டு அவர் பதில் சொல்வார். ஆங்கிலத்தில் வந்தால் ஆங்கிலத்தில் படிக்கும், தமிழில் வந்தால் தமிழில் படிக்கும். ஆனால் நம் ஆட்கள் எங்கே தமிழைத் தமிழில் எழுதுகிறார்கள்? ‘ரூம் இருக்குங்களா, குழந்தைங்களோட வர்றோம்’ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவார்கள். அதை ஃபோன் ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு, வெள்ளைக்காரர் தூக்கத்தில் உளறுவது போலப் படிக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்ட குணா முதலில் சிரித்திருக்கிறான். ஒவ்வொரு செய்தியையும் வழியில் போகிறவர்களிடம் நீட்டிப் படிக்கச் சொல்லித்தான் வேலை பார்க்கிறேன் என்று ஆரோக்கியம் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்படிப் பிறந்ததுதான் நம் செயலி. ஆங்கில எழுத்தில் வரும் தமிழைத் தமிழாகவே படித்துச் சொல்லும் குரல். ‘கேளுங்க’ என்று பெயர் வைத்ததும் குணாதான். காதால் கேளுங்கள், வாயால் கேளுங்கள், இரண்டுக்கும் பொருந்தும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டான். நிரலை எல்லோருக்கும் திறந்துவைத்தான், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம் என்று. சென்னையிலிருந்து நிவேதா அப்படித்தான் வந்து சேர்ந்தாள். வார நாள்களில் ஒரு கம்பெனிக்கு வேலை, வாரக் கடைசியில் நமக்கு. எங்கள் மலையை அவள் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. ஆனால் குணா எழுதிய நிரலை அவனைவிட நன்றாகப் படித்துவைத்திருந்தாள்.

எனக்குக் கிடைத்த வேலை, ஆட்களை விரட்டுவது. அதற்கு எனக்கு ஒரு பழைய அதிகாரி சொன்ன ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. நான் வேலையில் சேர்ந்த புதிதில், இன்னும் கொஞ்சம் கடிதங்கள் சேரட்டும் என்று தபால் பையைக் கட்டாமல் வைத்திருந்தேன். “பை நிறையலைன்னு பஸ்காரன் நிக்க மாட்டான்மா. இருக்கறதைக் கட்டு. மிச்சம் நாளைக்குப் போகும்” என்றார். நம் வெளியீடும் அப்படித்தான். முடிந்தது போகும், முடியாதது அடுத்த மாதம் போகும்.

வெளியீட்டு நாளையும் நாங்கள் ஊர் வழக்கப்படியே வைத்தோம். மாதத்தின் கடைசிச் சந்தை நாள். மலைக் கிராமங்களில் பல இடங்களில் நெட் எடுக்காது. சந்தைக்கு டவுனுக்கு வரும்போதுதான் எல்லோருடைய ஃபோனிலும் சிக்னல் முழுசாக இருக்கும், அப்போதுதான் புதிய பதிப்பு இறங்கும். குணாவும் அன்றைக்குத்தான் லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுனுக்கு வருவான். காய்கறி வாங்குவான், டீக்கடையில் உட்கார்ந்து பதிப்பை ஏற்றுவான், போய்விடுவான். அவன் வந்தால்தான் முடியும், ஏனென்றால் கையொப்பச் சாவி அவனிடம் மட்டும்தான் இருந்தது.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்ததுதான். என்னைப் போல வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கையொப்பச் சாவி என்பது ஒரு ரகசியக் கோப்பு. அதை வைத்து முத்திரை போட்டால்தான், ‘இது அதே ஆட்கள் வெளியிட்ட செயலிதான்’ என்று ஃபோன் நம்பி, பழைய பதிப்பின் மேல் புதியதை ஏற்றிக்கொள்ளும். முத்திரை மாறினால் ஏற்காது. பழையதை முழுசாக நீக்கிவிட்டு, புதியதை முதலிலிருந்து போட வேண்டும். கண் தெரிகிறவர்களுக்கு அது ஒரு நிமிட வேலை. ஃபோன் பேசினால்தான் ஃபோனையே தொட முடியும் என்று இருப்பவர்களுக்கு, பேசுகிற வாயை அவர்களே எடுத்துப் போட வேண்டும்.

அந்த வருடம் கோடை சீசன் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, பல ஃபோன்களுக்குப் புதிய ஆண்ட்ராய்டு வந்தது. ஆரோக்கியத்தின் ஃபோன் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தானாகவே மாறிக்கொண்டது. எனக்குக் கூப்பிட்டார்.

“போஸ்ட்டம்மா, நம்மாளு வாயத் தொறக்க மாட்டேங்கறானுங்க.”

நம் குரலை அவர் நம்மாளு என்றுதான் சொல்வார். பார்த்தால், புதிய ஆண்ட்ராய்டில் நம் செயலி திறக்கவே இல்லை. அவருடைய ஃபோனில் பழைய வெள்ளைக்காரர் திரும்ப வந்து உளறத் தொடங்கியிருந்தார். லாட்ஜ் முதலாளி நல்லவர்தான், ஆனால் தொழில் நடத்துகிறவர். சீசன் தொடங்கும்வரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் சரியாகாவிட்டால் ரிசப்ஷனில் தன் மைத்துனர் மகனை உட்கார வைப்பார், ஆரோக்கியத்துக்கு வேலை இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

நிவேதா விஷயத்தைக் கேட்டவுடன் உட்கார்ந்து, அந்த வாரக் கடைசியிலேயே சரிசெய்துவிட்டாள். எங்கள் குழுவில் எழுதினாள், “குணா, புது ஆண்ட்ராய்டுக்கான திருத்தம் ரெடி. பார்த்துட்டு முத்திரை போட்டுடறீங்களா?” என்று. குணாவிடமிருந்து பதில் வந்தது.

“பாக்கலாங்க.”

நிவேதா அதன் கீழே ஒரு இதயத்தைப் போட்டாள். நான் போடவில்லை.

சென்னைக்காரிக்குப் பார்ப்பது என்றால் பார்ப்பது. அதிலும் நம் தொழிலில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பதைத்தான் பார்ப்பது என்கிறோம். ஆகவே குணா தன் நிரலைப் பார்க்கப்போகிறான் என்று அவள் நம்பிக் காத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. கல்யாணத்துக்கு அழைக்கப் போன வீட்டில் ‘பாக்கலாங்க’ என்று சொன்னால் பந்தியில் ஒரு இலையைக் குறைத்துக்கொள்வோம். பெண் கேட்டுப் போன இடத்தில் ‘பாக்கலாங்க’ என்று காதில் விழுந்தால் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லி ஒருவர் மனதை நோகடிக்க எங்களுக்கு வாய் வராது. அதற்காக ஒரு சொல்லைச் செய்துவைத்திருக்கிறோம், கேட்கிறவர்களும் புரிந்துகொண்டு மேலே கேட்காமல் போய்விடுவார்கள். எல்லோரும் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கும்வரை இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

கடைசிச் சந்தை வந்தது, குணா டவுனுக்கு வரவில்லை. வெளியீடு இல்லாமல் போன முதல் மாதம் அது. நிவேதா மறுபடி கேட்டாள். மறுபடி “பாக்கலாங்க” என்று வந்தது. நான் ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. பிறகு, “தோட்டத்துல இருந்தனுங்கம்மா, சிக்னல் இல்லீங்க, பாக்கலாங்க” என்று செய்தி வந்தது. ஒரே செய்தியில் மூன்று ‘ங்க’. மரியாதை கூடக்கூட ஆள் தள்ளிப்போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நிவேதாவைக் கூப்பிட்டு, அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் என்ன பொருள் என்று சொன்னேன்.

“அக்கா, அப்போ இத்தனை நாளா அவர் முடியாதுன்னுதான் சொல்லிட்டிருக்காரா?”

“அப்படித்தான் தோணுது.”

“நாம எல்லாரும் தமிழ்லதானேக்கா பேசறோம்?” என்று கேட்டாளே, அதற்கு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவளுக்கு வந்த கோபம் நியாயமானது. புதிய சாவி ஒன்றைச் செய்து, வேறு பெயரில் நாமே வெளியிட்டுவிடலாம் என்றாள். நிரல் எல்லோருக்கும் திறந்துதானே இருக்கிறது, சட்டப்படி ஒரு தப்பும் இல்லை என்றாள். குழுவில் இன்னும் சிலரும் அதையே சொன்னார்கள். ஒருவர், குணா உயிரோடுதான் இருக்கிறாரா என்று எழுதினார். அதை நான் நீக்கச் சொன்னேன். நீக்கினார், ஆனால் குணா படித்திருப்பான்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு பக்கம் ஆரோக்கியத்தின் வேலை, நாள் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம், அவருக்காகவே இந்தச் செயலியை எழுதிய பையன், வாயைத் திறக்காமல் இருந்தான். அவனைக் கேட்காமல் புதிய பெயரில் வெளியிட்டு, மறுநாளே அவன் பழைய பெயரில் முத்திரை போட்டுவிட்டால் இரண்டு ‘கேளுங்க’ இருக்கும். எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பயன்படுத்துகிறவர்கள் திண்டாடுவார்கள். அதைவிட, அவனுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலே அவனைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. சம்பளம் வாங்காமல் வேலை செய்தவனை இப்படி விட்டுவிட்டுப் போனால், நாளைக்கு எனக்காக யார் வருவார்கள்? நிவேதாவிடம் சொன்னேன், “நான் நேர்ல போய்க் கேட்டுட்டு வர்றேன். அதுக்கப்புறமும் பதில் இல்லைன்னா நீ சொல்ற மாதிரியே செஞ்சுரலாம்.” சரி என்றாள். மனமில்லாமல்தான் சொன்னாள்.

ஆரோக்கியமும் கூட வருவதாக அடம்பிடித்தார். “நான் வந்து நின்னா அந்தப் பையனுக்குச் சங்கடமா இருக்குமுங்க” என்று அவரே சொன்னார், சொல்லிவிட்டு முதல் ஆளாக பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்.

குணாவின் வீட்டுக்குப் போனால், வரவேற்பில் ஒரு குறைச்சல் இல்லை. “வாங்கம்மா, வாங்கண்ணா, ஊட்டுக்குள்ள வாங்க” என்று ஓடிவந்தான். ஆள் இளைத்திருந்தான். நாற்காலி போட்டான், காப்பி வந்தது, பலாச்சுளை வந்தது. மழையைப் பற்றிப் பேசினான், மிளகுக் கொடியில் நோய் வந்ததைப் பற்றிப் பேசினான், அப்பாவின் மருந்தைப் பற்றிப் பேசினான். செயலியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. நானும் கேட்க வேண்டும் கேட்க வேண்டும் என்று பலாச்சுளையையே தின்றுகொண்டிருந்தேன். நானும் அதே ஊர்க்காரிதானே.

கடைசியில் ஆரோக்கியம்தான் டம்ளரைக் கீழே வைத்தார்.

“கண்ணு, சாவி உங்கிட்ட இருக்குதா, இல்லையா?”

“அண்ணா, அது வந்துங்க…”

“வந்து போயெல்லாம் வேண்டாஞ்சாமி. இருக்குதா, இல்லையா?”

குணா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்தான். எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றான்.

“இல்லீங்கண்ணா.”

கடைசியாக வெளியீடு போட்ட சந்தை அன்றைக்கே நடந்திருக்கிறது. பதிப்பை ஏற்றிவிட்டு வண்டியில் திரும்பி வரும்போது மழை. காப்பிச் செடி பூப்பதற்கென்று பெய்யுமே, அந்த முதல் மழை. வளைவில் வண்டி சறுக்கி, தோளில் இருந்த பை ஓடைக்குள் போய்விட்டது. ஓடையிலிருந்து எடுத்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சேலத்தில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கியிருக்கிறான். உள்ளே இருந்த எதையும் எடுக்க முடியாது என்றுவிட்டார்கள். சாவியின் நகல் ஒன்றை எப்போதோ ஒரு பென்டிரைவில் போட்டதாக அவனுக்கு ஞாபகம். அந்தப் பென்டிரைவைத்தான் அன்றிலிருந்து வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.

“நான் பொய் சொல்லலீங்கம்மா. பாக்கலாங்கன்னு போட்டது நெசமாத்தானுங்க. தெனமும் தேடிப் பாத்துட்டேதான் இருக்கறேன். தொலைச்சுப்போட்டேன்னு எழுதி எழுதி அழிச்சனுங்க. இத்தனை பேரு நம்பிக் குடுத்ததை…”

எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. ஆனால் கோபப்பட அங்கே என்னைவிட உரிமை உள்ளவர் ஒருவர் இருந்தார். ஆரோக்கியம் குரலை உயர்த்தவில்லை.

“நீ அன்னைக்கே சொல்லியிருந்தீன்னா நான் எம்மொதலாளிகிட்ட அன்னைக்கே சொல்லியிருப்பேன் கண்ணு. வேற ஏதாச்சும் வழி பண்ணியிருப்பாரு. தம்பி பாத்துட்டு இருக்கறான், நாளைக்கு வந்துருமுங்க, நாளைக்கு வந்துருமுங்கன்னு தெனமும் போயி பொய்யனாட்டம் நான்தான் நின்னேன்.”

குணா அழுதுவிட்டான். உள்ளே படுத்திருந்த அவன் அப்பா என்னவென்று குரல் கொடுத்தார். ஒன்றுமில்லீங்க என்று நான்தான் பதில் சொன்னேன்.

நிவேதாவுக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் சிக்னல் இல்லாததால் மூன்று பேரும் ரோட்டு வளைவு வரைக்கும் நடந்து போனோம். ஸ்பீக்கரில் போட்டேன். குணாவே எல்லாவற்றையும் சொன்னான், திக்கித் திக்கிச் சொன்னான். அவள் கத்துவாள் என்று நான் பயந்துகொண்டே ஃபோனைப் பிடித்திருந்தேன்.

“வண்டி சறுக்கிச்சுன்னு சொன்னீங்களே, உங்களுக்கு அடி எதுவும் படலையே குணா?” என்றாள் நிவேதா.

எனக்குச் சுரீரென்றது. அதுவரை நானும் அதைக் கேட்கவில்லை, ஆரோக்கியமும் கேட்கவில்லை. மரியாதைக்குப் பேர்போன மலைக்காரர்கள் நாங்கள். குணா தோள்பட்டையைத் தொட்டுக்கொண்டு, “இப்பப் பரவால்லீங்க” என்றான். அப்புறம்தான் அவள் சொன்னாள், “முதல் நாளே சொல்லியிருந்தா அன்னிக்கே புது சாவி செஞ்சிருப்பேனே. பரவாயில்ல, இன்னிக்குச் செய்யறேன். அதுக்கு முன்னாடி எல்லாருக்கும் விஷயத்தைச் சொல்லணும்.”

எப்படிச் சொல்வது என்பதில்தான் அடுத்த தகராறு. குணா, “நான் தொலைத்துவிட்டேன்” என்று தன் பெயரைப் போட்டு எழுதச் சொன்னான். அது நேர்மையாகத்தான் தெரிந்தது, நிவேதாவும் ஒப்புக்கொள்கிறவள் போலத்தான் இருந்தாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே ஆளிடம், ஒரே லேப்டாப்பில் சாவியை விட்டுவைத்தது யார்? அவன் வண்டியில் போவதும் மலையில் மழை பெய்வதும் யாருக்குத் தெரியாது? தபாலில் ஒரு பை காணாமல் போனால், தூக்கிக்கொண்டு போனவன் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டமாட்டோம், தபால் தவறிவிட்டது என்று நாங்கள்தான் பதில் சொல்வோம். இதைச் சொன்னதும் நிவேதா யோசித்தாள். “நாங்கள் சாவியைத் தொலைத்துவிட்டோம், மன்னிக்க வேண்டும்” என்று அவளே எழுதினாள். அந்த ‘நாங்கள்’ என்ற சொல்லைப் படித்துவிட்டு குணா ரோட்டோரத்தில் உட்கார்ந்துகொண்டான்.

புதிய சாவி பிறந்தது. இப்போது அது மூன்று பேரிடம் மூன்று ஊர்களில் இருக்கிறது. அடுத்த சந்தைக்குக்கூடக் காத்திருக்காமல் புதிய பதிப்பை வெளியிட்டோம். பழையதை நீக்கிப் புதியதைப் போடுவது எப்படி என்று ஃபோனில் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. நாங்கள் சொன்னால் ‘மேலே வலது பக்கம் இருக்கும் பட்டனை’ என்போம், கேட்கிறவருக்குப் பட்டன் எங்கே தெரியும்? ஆரோக்கியம்தான் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். விரலை எங்கே வைத்து எத்தனை முறை தள்ளுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார், குணா பக்கத்தில் உட்கார்ந்து ஆட்களைக் கூப்பிட்டுக் கொடுத்தான். பெரும்பாலானவர்கள் திரும்ப வந்தார்கள். சிலர் வரவே இல்லை. அவர்கள் வேறு குரலுக்குப் பழகிக்கொண்டார்களோ, செய்தி படிப்பதையே விட்டுவிட்டார்களோ, எனக்கு இன்றுவரை தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் மனசு கனத்துப்போகிறது.

அதற்குப் பிறகு குழுவில் நாங்கள் ஒரே ஒரு விதி வைத்தோம். நீங்களும் படித்திருப்பீர்கள், படித்துவிட்டு இது என்ன விதி என்று சிரித்தும் இருப்பீர்கள். ‘முடியாதுங்க’ என்று எழுதலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. முதலில் எங்கள் பக்கத்து ஆட்கள் யாராலும் அதைத் தட்டச்சு செய்யவே முடியவில்லை. முதல் ஆளாக குணாதான் எழுதினான், “இந்த மாசம் முடியாதுங்க, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று. ஏன் என்று கேட்காதபோதே காரணம் சொன்னான், அவனை மாற்ற முடியாது. ஆனால் அவன் சொல்லிவிட்டதால் நிவேதா முத்திரை போட்டாள், வெளியீடு நாள் தவறாமல் போயிற்று. நம் செயலி மாதம் தவறாமல் வருவதற்குக் காரணம் கேட்டீர்களே, மாதம் தவறாமல் யாரோ ஒருவர் முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் காரணம். முடியும் என்கிறவர்கள் எந்தக் குழுவிலும் நிறைய இருப்பார்கள். அவர்களை நம்பி நான் ஒருநாளும் தேதி குறித்ததில்லை.

ஆரோக்கியத்தின் வேலை என்ன ஆயிற்று என்று சொல்லாமல் முடித்தால் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். நாங்கள் புதிய பதிப்பை வெளியிடுவதற்குள் சீசன் தொடங்கிவிட்டது. மலை முழுக்க வண்டிகள். லாட்ஜ் ரிசப்ஷனில் முதலாளியின் மைத்துனர் மகன் உட்கார்ந்திருந்தார், ஆரோக்கியம் பின்னால் போர்வை மடித்துக்கொண்டிருந்தார். ஃபோனில் நம்மாளு மறுபடி பேச ஆரம்பித்த பிறகும் அவரை முன்னால் கூப்பிடவில்லை. குணாவுக்கு அது தாங்கவில்லை. எங்களிடம் சொல்லாமல் லாட்ஜுக்குப் போய், முதலாளி முன்னால் நின்று, எல்லாம் என்னால் வந்ததுங்க, இப்போது சரியாகிவிட்டது, அண்ணனைப் பழையபடி உட்கார வையுங்கள் என்று கேட்டிருக்கிறான். அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு சொன்னார்,

“பாக்கலாந்தம்பி.”

எங்களிடம் வந்து அதைச் சொன்னபோது குணாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சொல் வாங்குகிறவர் கையில் எவ்வளவு கனமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

ஆரோக்கியம் அந்தப் பாக்கலாமோடு இருந்துவிடவில்லை. போர்வையை மடித்து வைத்துவிட்டு அவரே முதலாளியிடம் போனார். “ஏனுங்க, தப்பா நெனைக்க மாட்டேன். உண்டுன்னா உண்டு, இல்லைன்னா இல்லைன்னு சொல்லிப்போடுங்க. நான் வேற எடம் பாத்துக்கறேன்” என்று கேட்டார். முதலாளிக்கு நொம்பச் சங்கடமாகிவிட்டது. சொந்தக்காரப் பையனை அந்த இடத்திலிருந்து எழுப்ப முடியாத நிலைமை அவருக்கு. தயங்கித் தயங்கி, “இல்லப்பா ஆரோக்கியம்” என்றார். சொல்லிவிட்டு அவரே இரண்டு மூன்று பேருக்கு ஃபோன் போட்டு, நல்ல ஆள் ஒருத்தர் இருக்கிறார் என்று சொன்னார். இல்லை என்று சொன்னதால்தான் அவருக்கு அந்த ஃபோனைப் போடத் தோன்றியது என்று நான் நினைக்கிறேன்.

இப்போது ஆரோக்கியம் கிளியூர் போகும் வழியில் ஒரு ஹோம்ஸ்டேயில் இருக்கிறார். புக்கிங் முழுக்க அவர் பொறுப்பு. நம்மாளு தினமும் அவர் காதோரம் பேசிக்கொண்டே இருக்கிறான். என் இடத்தில் அடுத்த மாதம் முதல் உங்களை விரட்டப்போகிறவரும் அவர்தான். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்துத்தான் கேட்டேன், யோசிக்காமல் சரி என்றுவிட்டார். அவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிய வேண்டுமானால் சீசன் நேரத்தில் அவருக்கு ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் உங்கள் இஷ்டத்துக்கு எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். உடனே பதில் வரும். ரூம் இருந்தால் வாங்க என்று வரும். இல்லையென்றால் இல்லீங்க என்று வரும்.